துப்பாக்கி: உரிமையா, லைசென்ஸா? (அலமாரியில் இருக்கும் இரட்டைக்குழலையும் சேர்த்து)

கரும்புத்தோகை (டோங்காட்)

வணக்கம். எங்கள் படிப்பு வட்டத்தில் இந்த மாதத் தலைப்பு, ஆயுதம் தாங்கும் உரிமை. இளசுகள் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு "அது பிறப்புரிமை, அரசாங்கம் தலையிடவே முடியாது" என்கிறார்கள். பெரியவர்கள் "இந்த நாட்டில் அப்படி ஒன்றும் கிடையாது" என்று ஒரே வரியில் கதவைச் சாத்துகிறார்கள். இரு தரப்பும் ஒரு தேதி, ஒரு பிரிவு எண் சொல்வதில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

இந்த உரிமை என்ற பேச்சு முதலில் எங்கே தொடங்கியது? தென்னாப்பிரிக்க மண்ணில் அதற்கு வேர் உண்டா, இல்லை வெளியிலிருந்து வந்த பேச்சா? இன்றைய சட்டப்படி தற்காப்புக்கு எதுவரை இடம் உண்டு?

கடைசியாக ஒரு நடைமுறைக் கேள்வி. உறுப்பினர் ஒருவரின் தகப்பனார் காலமாகிவிட்டார். கரும்புத் தோட்டக் காலத்து 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்று, ஒரு பெட்டித் தோட்டா, பழைய பச்சை லைசென்ஸ், மூன்றும் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மகனுக்கு அதை வைத்துக்கொள்ள ஆசை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

உம்கேனி

வரலாற்றுப் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், அக்கா. சட்ட நடைமுறைக்கு இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

இது தொடக்கத்தில் உரிமையே இல்லை. வரியைப் போல் தலையில் ஏற்றிய சுமை. இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி 1181-இல் போட்ட ஆயுத ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். 16 மார்க் சொத்துள்ள சுதந்திரக் குடிமகன் இரும்புக் கவசம், தலைக்கவசம், கேடயம், ஈட்டி வாங்கி வைக்க வேண்டும். 10 மார்க் உள்ளவனுக்குச் சிறு கவசம், இரும்புத் தொப்பி, ஈட்டி. அதற்கும் கீழே பஞ்சு திணித்த மேலங்கி. வாங்கியதை விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. மன்னன் கூப்பிட்டால் எடுத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான். அதே ஆணையில் இன்னொரு வரி: யூதர்கள் கவசம் வைத்திருக்கக் கூடாது. முதல் பத்திரத்திலேயே "யாரிடம் இருக்க வேண்டும்" என்பதும் "யாரிடம் இருக்கவே கூடாது" என்பதும் பக்கத்துப் பக்கத்தில். இந்த இரண்டாவது வரியை மனதில் வையுங்கள். கதை முழுக்க அது ஆள் மாறி ஆள் மாறி வரும்.

1671-இல் வேட்டைச் சட்டம். நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் இல்லாதவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. பெயர்தான் வேட்டை, கிராமத்தான் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதே உள்நோக்கம். பிறகு கத்தோலிக்க மன்னன் இரண்டாம் ஜேம்ஸ், புரொட்டஸ்டண்டுகளின் ஆயுதங்களைப் பிடுங்குவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அவன் ஓடிய பின் 1689-இல் பாராளுமன்றம் எழுதிய உரிமைச் சாசனத்தில்தான் "உரிமை" என்ற சொல் ஆயுதத்தோடு சேர்கிறது. அதிலும் எத்தனை கடிவாளம் பாருங்கள்: புரொட்டஸ்டண்டுக் குடிகள், தம் பாதுகாப்புக்கு, தம் நிலைக்கு ஏற்ற ஆயுதம், சட்டம் அனுமதிக்கும் அளவில். மதம், நோக்கம், அந்தஸ்து, சட்டம் என்று நான்கு. பிறப்புரிமை என்று சொல்பவர்கள் இந்த நான்கையும் சேர்த்தே படிக்க வேண்டும். பின்னாளில் அந்த இங்கிலாந்தே 1996-இல் டன்பிளேன் பள்ளிப் படுகொலை நடந்த மறு ஆண்டில் கைத்துப்பாக்கிகளைத் தனியாருக்கு அநேகமாக முழுவதும் தடை செய்துவிட்டது.

அமெரிக்கா அந்த நான்கு கடிவாளத்தில் மூன்றைக் கழற்றியது. 1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் திருத்தத்தில் மதமும் இல்லை, அந்தஸ்தும் இல்லை, சட்டம் அனுமதித்தால் என்பதும் இல்லை. மிஞ்சியது நோக்கம் மட்டும்: ஒழுங்கான குடிப்படை சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்ற முன்னுரை. அந்த முன்னுரை உரிமையைக் கட்டுகிறதா, சும்மா காரணம் சொல்கிறதா என்று இருநூறு ஆண்டுச் சண்டை. 2008-இல் ஹெல்லர் வழக்கில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், குடிப்படையில் இல்லாத தனிமனிதனுக்கும் வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைக்க உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, உங்கள் இளைஞர்கள் பேசும் "தனிமனித உரிமை" நீதிமன்ற வாயிலிருந்து தெளிவாக வந்து இன்னும் இருபது ஆண்டு நிறையவில்லை. அங்கேயும் இரண்டாவது வரி உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லேயே மிசிசிப்பி மாநிலம் போட்ட கறுப்பர் சட்டம், விடுதலையான அடிமைகள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கியது.

இனி நம் மண். வேர் உண்டா என்றால், ஆழமாகவே உண்டு. ஆனால் அது அமெரிக்க வேர் இல்லை.

கேப் காலனி எல்லையில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து கொமாண்டோ முறை. வெள்ளைக் குடியானவன் சொந்தக் குதிரை, சொந்தத் துப்பாக்கியோடு அழைத்தபோது வர வேண்டும். 1181 ஆணையின் ஆப்பிரிக்கப் பதிப்பு என்றே சொல்லலாம். 1881 பிப்ரவரியில் மஜுபா மலையில் பிரிட்டிஷ் சிப்பாய்களை விரட்டியது அப்படிப்பட்ட போயர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) குடிப்படைதான்.

மறுபக்கம் நம் நேட்டால். ஹ்லூபி இனத்து இளைஞர்கள் கிம்பர்லி வைரச் சுரங்கத்துக்குப் போய் உழைத்துத் துப்பாக்கியோடு திரும்பினார்கள். நேட்டால் அரசு அவற்றைப் பதிவு செய்யச் சொன்னது. பதிவுக்குக் கொடுத்த துப்பாக்கி திரும்பி வரும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. வந்தாலும் சில சமயம் உடைந்து வந்தது. அவர்கள் தலைவர் லங்கலிபலேலே பீட்டர்மாரிட்ஸ்பர்க் அழைப்புக்குப் போகாமல் தள்ளிப்போட்டு, கடைசியில் மலையேறி பாசுட்டோலாந்து (இன்றைய லெசோதோ) பக்கம் கிளம்பினார். 1873 நவம்பர் 4-இல் புஷ்மன்ஸ் ஆற்றுக் கணவாயில் மோதல். விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்து, அவர் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஏழு ஆண்டு கழித்து கேப் அரசு பாசுட்டோக்களின் துப்பாக்கிகளைப் பறிக்க முயன்றபோது அவர்கள் கொடுக்கவில்லை. 1880–81 துப்பாக்கிப் போர் அதுதான். முடிவில் துப்பாக்கி அவர்களிடமே நின்றது, ஆண்டுக்கு ஒரு பவுண்டு கட்டணம் என்ற ஏற்பாட்டோடு. அந்தத் தலைவலியே பெரிதாகி 1884-இல் கேப் அரசு அந்த நாட்டை லண்டனிடம் திருப்பிக் கொடுத்தது.

நான் எல்லோருக்கும் காட்ட விரும்பும் பத்திரம் வேறு. ஆங்கிலேய–போயர் போரை முடித்த பெரீனிகிங் உடன்படிக்கை, 1902 மே 31. அதன் 6ஆம் ஷரத்து: டிரான்ஸ்வாலிலும் ஆரஞ்சு நதிக் காலனியிலும் பாதுகாப்புக்குத் தேவைப்படுகிறவர்கள், சட்டப்படி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு ரைபிள் வைத்திருக்கலாம். தேவை இருக்க வேண்டும், லைசென்ஸ் எடுக்க வேண்டும். இன்றைய சட்டத்தில் தற்காப்பு லைசென்ஸுக்கான 13ஆம் பிரிவும் இதே இரண்டு காலில்தான் நிற்கிறது. அதே உடன்படிக்கையில் இரண்டு ஷரத்து தள்ளி, 8ஆவது: கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை பற்றிய கேள்வி, சுயாட்சி வரும்வரை ஒத்திவைக்கப்படுகிறது. தோற்றவனுக்குத் துப்பாக்கி உடனே. மண்ணின் மைந்தனுக்கு வாக்கு பிறகு பார்க்கலாம். ஒரே தாளில்.

வளரி

உம்கேனி ஐயா சொன்ன "இரண்டாவது வரி"யில் நாமும் இருக்கிறோம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் போட்டார்: பாளையக்காரர் கோட்டைகள் இடிபட வேண்டும், வேல், ஈட்டி, திரித்துப்பாக்கி எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும், இனி வைத்திருப்பது குற்றம். அந்தப் பக்கத்து நாட்டுப்புற மக்கள் ஆயுதத்தோடு வாழ்ந்தவர்கள். ஒரு தலைமுறைக்குள் அது முடிந்தது. 1857-க்குப் பிறகு நாடு முழுக்கப் பிடி இறுகி, 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. குடகர்களுக்கும் விலக்கு, அந்தச் சலுகை ஏதோ ஒரு வடிவில் இன்றும் அவர்களுக்கு நீடிக்கிறது. காந்தி பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சியின் தீச்செயல்களில் மிகக் கறுத்ததாக அந்த ஆயுதச் சட்டத்தைச் சொன்னார். அகிம்சைக்காரர் வாயிலிருந்து வந்த சொல் என்பதால் துப்பாக்கி ஆதரவாளர்கள் அடிக்கடி அதை எடுத்து வீசுவார்கள். அவர் அதைச் சொன்னது முதல் உலகப்போருக்குப் படையில் ஆள் சேர்க்கும்போது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆக 1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' கப்பலிலிருந்து டர்பனில் இறங்கிய சென்னை மாகாணத்துக் கூலிகள், நிராயுதபாணியாக்கப்பட்ட ஒரு நாட்டிலிருந்து, துப்பாக்கியைத் தோல் நிறம் பார்த்துக் கொடுக்கும் இன்னொரு நாட்டுக்கு வந்தவர்கள். போயர் போரில் நம்மவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் கொலென்சோ, ஸ்பியோன் கோப் போர்க்களங்களில் இருந்தார்கள். தோளில் துப்பாக்கி இல்லை, காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சர்.

பூட்டுச்சாவி

இரண்டு பேரும் நன்றாகத் தளம் போட்டிருக்கிறீர்கள். நான் 2000-க்குப் பிறகு வருகிறேன்.

முதல் விஷயம்: 1996 அரசியலமைப்பின் உரிமைச் சாசனத்தில் ஆயுதம் என்ற உரிமை இல்லை. 11ஆம் பிரிவில் உயிர் வாழும் உரிமை, 12(1)(இ)-யில் எந்த வன்முறையிலிருந்தும் விடுபட்டிருக்கும் உரிமை, அவ்வளவுதான். 2018 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் வேட்டைக்காரர் சங்க வழக்கில் இதைத் துண்டாகச் சொல்லிவிட்டது: துப்பாக்கி அடிப்படை உரிமை இல்லை, சட்டம் தரும் சலுகை. எனவே உங்கள் பெரியவர்கள் சொன்னது சரி. ஆனால் பாதிதான் சரி. தற்காத்துக்கொள்ளும் உரிமை பொதுச் சட்டத்தில் முழுசாக இருக்கிறது. கருவிக்குத்தான் அனுமதிச் சீட்டு.

சட்டம் 2000-ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். முழுவதுமாக அமலானது 2004 ஜூலை 1. இரண்டு படி. முதலில் ஆளுக்குத் தகுதிச் சான்று, பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி லைசென்ஸ். நிறையப் பேர் கடையில் துப்பாக்கியைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு அப்புறம் பயிற்சிக்கு ஓடுகிறார்கள். தலைகீழ். வயது 21 நிறைய வேண்டும், குடிமகன் அல்லது நிரந்தரவாசியாக இருக்க வேண்டும்.

பயிற்சியில் சட்ட அறிவுக்கு 117705 என்ற பாட எண், கைத்துப்பாக்கிக்கு 119649, ஷாட்கனுக்கு 119652. கைத்துப்பாக்கிப் பாடம் மட்டும் முடித்தவருக்கு ஷாட்கன் லைசென்ஸ் கிடைக்காது. இரட்டைக்குழல் கேட்கிற மகன் 119652 எடுக்க வேண்டும். பயிற்சிச் சான்றோடு 517ஆம் படிவம், விரல் ரேகை, புகைப்படம் எல்லாம் உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரியிடம். மனைவியிடமும் தெரிந்தவர்களிடமும் விசாரிப்பார்கள். வீட்டு வன்முறைப் புகார், குடி, இரண்டுமே இங்கே எழுந்து நிற்கும்.

தகுதிச் சான்று வந்தபின் லைசென்ஸுக்கு 271ஆம் படிவம். தற்காப்புக்கு 13ஆம் பிரிவு. ஒருவருக்கு ஒன்றே ஒன்று. முழுத் தானியங்கி அல்லாத கைத்துப்பாக்கி, இல்லையென்றால் தானாகத் தோட்டா ஏறாத ஷாட்கன். சட்டம் கேட்பது இரண்டு: உங்களுக்குத் தேவை இருக்கிறதா, துப்பாக்கி இல்லாமல் வேறு நியாயமான வழியில் அந்தத் தேவை தீராதா. விண்ணப்பங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில். "நாட்டில் குற்றம் அதிகம்" என்று இணையத்தில் கிடைத்த மாதிரிக் கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுத்தால் அதே அச்சில் நிராகரிப்பும் வரும். எழுத வேண்டியது வேறு: கடை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, பணத்தோடு எந்தத் தெருவில் எவ்வளவு தூரம், அதே தெருவில் பதிவான வழக்கு எண்கள், அலாரமும் கேட்டும் வைத்தும் ஏன் போதவில்லை. நிராகரித்தால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம்.

இங்கே ஒரு சுவாரசியம். நியூயார்க்கில் 1913 முதல் வெளியே துப்பாக்கி கொண்டுபோகத் "தனித் தேவை" காட்ட வேண்டியிருந்தது. 2022 ஜூனில் புரூவென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அடித்துத் தள்ளியது. உரிமையைப் பயன்படுத்த ஒருவன் ஏன் காரணம் காட்ட வேண்டும் என்பது வாதம். நம் 13ஆம் பிரிவு முழுக்க முழுக்க அந்தக் காரணத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. உரிமைக்கும் சலுகைக்கும் வித்தியாசம் என்ன என்று உங்கள் வட்டத்தில் யாராவது கேட்டால் இந்த ஒரு உதாரணம் போதும்.

வைத்திருப்பதன் விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேஃப், தென்னாப்பிரிக்கத் தரக் கழகத்தின் 953ஆம் எண் தரத்தில், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியது. வெளியே கொண்டுபோனால் கைத்துப்பாக்கி உறையில், முழுசாக மறைந்து, உங்கள் கட்டுப்பாட்டில். காரில் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுக் கடைக்குள் போவது குற்றம், அதோடு திருடனுக்குத் தானம். தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும். தோட்டா, சாதாரண உரிமையாளருக்குத் துப்பாக்கி ஒன்றுக்கு 200. கணவன் லைசென்ஸில் உள்ள துப்பாக்கியை மனைவியும் பயன்படுத்த வேண்டுமானால் அதே வீட்டில் வசிப்பவருக்குக் கூடுதல் லைசென்ஸ் 12ஆம் பிரிவில் உண்டு. அது இல்லாமல் சேஃப் சாவியை அவர் கையில் கொடுத்து வைப்பது இருவருக்கும் ஆபத்து.

அந்த இரட்டைக்குழலுக்கு வருகிறேன்.

பச்சை லைசென்ஸ் என்பது 1969-ஆம் ஆண்டின் 75ஆம் எண் பழைய சட்டத்தின் கீழ் ஆயுள் முழுக்கக் கொடுத்தது. புதிய சட்டம் அதை ஐந்து ஆண்டில் காலாவதியாக்கப் பார்த்தது. 2009-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அதை உயிரோடு வைத்தது. ஆனால் அது அந்த மனிதருக்கு. அவர் போனதும் லைசென்ஸும் போயிற்று. "அப்பாவுடையது, அதனால் இப்போது என்னுடையது" என்று மகன் நினைத்தால், சட்டத்தின் கண்ணில் அவர் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வைத்திருப்பவர். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. அலமாரியில் கிடக்கும் தோட்டாப் பெட்டியும் தனிக் குற்றம். துப்பாக்கியைச் சரியாக ஒப்படைத்துவிட்டு மேஜை இழுப்பறையில் இருந்த தோட்டாவை மறந்தவர்கள் உண்டு.

செய்ய வேண்டியது 147ஆம் பிரிவுப்படி. பொறுப்பு சொத்து நிர்வாகியுடையது, மகனுடையது அல்ல. உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் நிர்வாகிக்கான கடிதம் வாங்கியதும், இறப்புச் சான்று, அசல் பச்சை லைசென்ஸ், நிர்வாகி கடிதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு முதலில் காவல் நிலையத் துப்பாக்கி அதிகாரியைப் பார்க்கட்டும், துப்பாக்கி இல்லாமல். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரி ஒருவரிடம் சொத்துக் கணக்கில் வைப்பதாகச் சொல்லி, எப்படி எடுத்துச் செல்வது என்று அவரிடமே எழுத்தில் வாங்குவது நல்லது. வியாபாரி மாத வாடகை கேட்பார். மகன் லைசென்ஸ் கைக்கு வரும்வரை அது அங்கேதான் இருக்க வேண்டும். மகனுக்கு 13-இல் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இதை 13-இல் கேட்க முடியாது. எப்போதாவது வேட்டை, விளையாட்டுக்கான 15ஆம் பிரிவில் கேட்கலாம். அங்கே மொத்தம் நான்கு, 13-இல் ஒன்று இருந்தால் மூன்று. வேண்டாம் என்றால் வியாபாரி வழியாக விற்கலாம், இயங்காதபடி செய்யலாம், அழிக்கக் கொடுக்கலாம்.

பழைய இரட்டைக்குழலில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, எண். விசைக் காப்பின் வால் பகுதியிலும், குழல்களைக் கழற்றினால் அவற்றின் தட்டையான அடிப்பக்கத்திலும், முன்கட்டையின் இரும்பிலும் எண் அடித்திருக்கும். எந்தக் காலத்திலோ முன்கட்டை மாற்றியிருந்தால் எண் பொருந்தாது. லைசென்ஸில் உள்ள எண்ணோடு ஒப்பிடாமல் படிவம் நிரப்பினால் மாதக் கணக்கில் காத்திருந்து தாள் திரும்பி வரும். இரண்டு, அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நீளம். அந்தக் காலத்து ஆங்கிலத் துப்பாக்கிகளில் நிறைய 65 மில்லிமீட்டர் அறை. இன்று கடையில் கிடைப்பது 70. உள்ளே நுழைந்துவிடும், அதுதான் ஏமாற்றும். வெடிக்கும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரையும் இல்லாமல், குழல் மேல் மரத்தின் வரிபோல் அலையலையாகத் தெரிந்தால் அதைச் சுடவே வேண்டாம். துப்பாக்கித் தச்சரிடம் காட்டுங்கள்.

வெருலம்காரன்

எல்லாம் சரி, பூட்டுச்சாவி அண்ணா. "இன்றைக்கு இதற்கு என்ன பொருத்தம்" என்பதைத் தொடாமல் நகர்ந்துவிட்டீர்கள். கலவரமும் கொள்ளையும் வெடித்த 2021 ஜூலை இரண்டாவது வாரத்தில் டர்பன் வடக்கே நாள்கணக்கில் போலீஸ் கண்ணில் படவில்லை. நாடு முழுக்க 350 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், மே மாதம், அரசாங்கம் வெளியிட்ட திருத்த மசோதா தற்காப்பு என்ற காரணத்தையே சட்டத்திலிருந்து எடுக்கப் பார்த்தது. 13ஆம் பிரிவே இருக்காது. கருத்துக் கேட்பு முடியும் முன்பே ஊர் எரிந்தது. அந்த மசோதா இதுவரை சட்டமாகவில்லை என்றால் அந்த வாரம்தான் காரணம் என்பேன். இன்னொன்று: அழிப்பதற்காக மக்கள் ஒப்படைத்த துப்பாக்கிகளையே கேப் கும்பல்களுக்கு விற்ற போலீஸ் கர்னலுக்கு 2016-இல் 18 ஆண்டு தண்டனை. மன்னிப்புக் காலம் என்று 2005, 2010, 2019, 2020 எத்தனை முறை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைப்பவன் யார்? சட்டத்துக்குப் பயந்தவன்தான்.

பூட்டுச்சாவி

வெருலம்காரன் தம்பி, அந்தக் கர்னல் விஷயத்தில் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் மறுபக்கக் கணக்கும் உண்டு. ஐந்து பெருநகரங்களில் 2001 முதல் 2005 வரையான கொலைச் சாவுகளை எடுத்துச் செய்த ஆய்வு, இந்தச் சட்டத்தால் 4,500-க்கு மேற்பட்ட உயிர்கள் மிஞ்சின என்று மதிப்பிட்டது.

அந்த வாரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் முழுசாகப் பேச வேண்டும். டர்பன் வடக்கே நம்மவர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் மட்டும் 30 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வழிமறித்துத் தடை போட்ட இடங்களில் இறந்தவர்களும் அதில் உண்டு. 13ஆம் பிரிவு லைசென்ஸ் உங்கள் உயிரைக் காக்க. சாலையில் தடை போட்டு வருகிறவனை விசாரிக்க அல்ல. தன் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு "நீ அந்த முனையில் நில்" என்று கொடுத்தவர் தன் லைசென்ஸையும் அவன் விடுதலையையும் ஒரே நேரத்தில் பணயம் வைத்தார். அடுத்தவர் பயன்படுத்தலாம் என்றால் அது உரிமையாளரின் நேரடி மேற்பார்வையில், பாதுகாப்பாக, சட்டப்படியான காரியத்துக்கு மட்டும்.

தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்கும் அளவு இது: தாக்குதல் சட்டவிரோதமாக இருக்க வேண்டும், தொடங்கியிருக்க வேண்டும் அல்லது அந்த நொடியில் தொடங்க இருக்க வேண்டும், வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும், பதிலடி தாக்குகிறவன் மேல்தான் விழ வேண்டும், ஆபத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். சுவரேறிக் குதித்து ஓடுகிறவன் முதுகில் சுட்டால் இவற்றில் பாதி அங்கேயே உதிரும். தப்பி ஓடும் திருடனைச் சுடலாம் என்ற, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 49(2)-ஐ அரசியலமைப்பு நீதிமன்றம் 2002-இல் வால்டர்ஸ் வழக்கில் ரத்து செய்துவிட்டது. அதுவே ஒரு தகப்பனும் மகனும் தங்கள் பேக்கரிக்குள் நுழைந்து ஓடியவனைச் சுட்ட வழக்கு. "நம் கடைக்குள் வந்தான், சுட்டேன்" என்று இன்றும் பேசுகிறவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்படாதவர்கள்.

உண்மையிலேயே சுட நேர்ந்தால்: ஆபத்து நின்றதும் ஆயுதத்தைப் பாதுகாப்பாக வையுங்கள், போலீசையும் ஆம்புலன்ஸையும் அழையுங்கள், காலித் தோட்டாக்களைப் பொறுக்காதீர்கள், எதையும் இடம் மாற்றாதீர்கள். பெயர், முகவரி, தாக்குதல் நடந்தது என்பது வரை சொல்லுங்கள். விரிவான வாக்குமூலம் வழக்கறிஞர் வந்தபின். துப்பாக்கியைத் தடயச் சோதனைக்கு எடுத்துப்போவார்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். இது எத்தனை நியாயமான சுடலாக இருந்தாலும் நடக்கும்.

உம்கேனி

வெருலம்காரன் சொன்ன ஒப்படைப்புப் பயத்துக்கு வயது 150. 1873-இல் ஹ்லூபிகள் சொன்னதும் இதுதான்: பதிவுக்குக் கொடுத்தால் திரும்பி வருமா? பதிவேடு நேர்மையாக இருக்கும்வரைதான் லைசென்ஸ் முறைக்கு மரியாதை. அதற்காகப் பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நேட்டாலில் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று அன்று நிறம் முடிவு செய்தது. இன்று குறைந்தபட்சம் படிவம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கரும்புத்தோகை (டோங்காட்)

எல்லோருக்கும் நன்றி. பெரீனிகிங் ஷரத்தையும் கிளைவ் பிரகடனத்தையும் அச்செடுத்து வட்டத்தில் கொடுக்கப் போகிறேன். துப்பாக்கி விஷயமாக நிர்வாகியிடம் சொல்லிவிட்டேன், தோட்டாப் பெட்டி உட்பட. இன்னொரு சந்தேகம்: வட்டத்தில் இன்னொருவருக்கு 13ஆம் பிரிவு லைசென்ஸ் 2027 மார்ச் 15-இல் முடிகிறது. "முடிந்த பிறகு 90 நாள் அவகாசம் உண்டு" என்கிறார். சரியா?

பூட்டுச்சாவி

நேர்மாறு, அக்கா. 24ஆம் பிரிவுப்படி முடிவதற்கு 90 நாள் முன்னால் புதுப்பிக்கக் கொடுத்திருக்க வேண்டும். அவருக்குக் கடைசி நாள் 2026 டிசம்பர் 15. மறுநாள் விடுமுறை, அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் காலம், அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். நவம்பரிலேயே போகச் சொல்லுங்கள். படிவம் 518(அ). புதிதாகக் காரணக் கடிதமும் வேண்டும். ஐந்து ஆண்டுக்கு முன் எழுதியதையே கொடுத்தால் தேவை இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். நேரத்தில் கொடுத்தால் முடிவு வரும்வரை பழைய லைசென்ஸ் செல்லும், ஆகவே வாங்கிக்கொண்டதற்கான ரசீதை லைசென்ஸோடு சேர்த்து வைக்கட்டும்.

தவறவிட்டால் மார்ச் 16 முதல் அவர் வைத்திருப்பது சட்டவிரோதம். 2018 தீர்ப்பில் இந்தக் கடுமை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என்று சொல்லிவிட்டார்கள். 2022-இல் அதே நீதிமன்றம், காலாவதியான துப்பாக்கிக்கும் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று வேறொரு வழக்கில் வழி திறந்தது. ஆனால் விண்ணப்பித்திருக்கிறேன் என்பதே வைத்திருக்க அனுமதி ஆகாது. அந்த நிலைக்கு வந்தவர் வழக்கறிஞரைக் கேட்காமல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டாம்.

கரும்புத்தோகை (டோங்காட்)

டிசம்பர் 15. குறித்துக்கொண்டேன், அவருக்கும் இப்போதே போன் போடுகிறேன்.